அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? மதுரைக் கேமராக்கள் கேட்கும் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். கையில் கேமராவோடு விஸ்காம் மாணவர் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள்கிழமை வகுப்பில் அவர் இரண்டு படம் காட்ட வேண்டும்: ஒன்று டாக்குமென்டரி, ஒன்று போர்ட்ரெய்ட்.

எதிரே ஒரு அக்கா குனிந்து மல்லிகையை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டிருக்கிறார். முடி கலைந்திருக்கிறது, சேலையில் ஈரம், கண்ணில் தூக்கம். வெளிச்சம் பக்கவாட்டில் பிரமாதமாக விழுகிறது. மாணவர் சத்தமில்லாமல் ஒரு கிளிக்.

அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். "என்ன தம்பி, போட்டோவா? சொல்லிட்டு எடுக்கக் கூடாதா? இரு..." முந்தானையை இழுத்துச் சரிசெய்கிறார். முகத்தைத் துடைக்கிறார். பக்கத்துக் கடைக்காரரின் கிண்டலுக்கு ஒரு முறைப்பு. பிறகு லென்ஸை நேராகப் பார்த்து, கொஞ்சம் விறைப்பாக நிற்கிறார். இரண்டாவது கிளிக்.

அசைன்மென்ட் முடிந்தது. ஒரே ஆள், ஒரே வெளிச்சம், ஒரே லென்ஸ், நடுவே அரை நிமிஷம்கூட இல்லை. வகுப்பில் முதல் படத்துக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். 'செம நேச்சுரல்' என்பார்கள். அக்காவிடம் காட்டினால், "ஐயய்ய, இதை அழிச்சிரு. ரெண்டாவதை மட்டும் எனக்கு அனுப்பு" என்பார்.

டாக்குமென்டரிக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், முன்னது நடப்பதைப் பதிவு செய்வது, பின்னது ஒருவரின் முகத்தையும் ஆளுமையையும் காட்டுவது என்பதுதான். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த அக்காவின் கோபத்தை அது விளக்காது. அவருடைய கேள்வி வேறு: என் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்தது யார்?

சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும்

ஆச்சரியமான விஷயம், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இந்த இரண்டு கிளிக்குகளுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. 1957-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர். வேறு ஏற்பாடு இல்லாதவரை உரிமையும் அவருக்கே. ஆக, மார்க்கெட்டில் எடுத்த படம் மாணவருடையது. முகம் அக்காவுடையது என்பதால் மட்டும் அதில் அவருக்குப் பதிப்புரிமை வந்துவிடாது.

ஆனால் 17-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் காசு கொடுத்து, 'என்னை ஒரு போட்டோ எடுங்க' என்று கேட்டு எடுக்கப்பட்ட படமாக இருந்தால், எதிர்மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் கேட்டவர்தான், எடுத்தவர் அல்ல. அதே அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் போய் எடுத்துக்கொண்ட குடும்பப் படம் அவருக்குச் சொந்தம். மார்க்கெட்டில் கேட்காமல் எடுக்கப்பட்ட படம் அவருக்குச் சொந்தமில்லை. காசு கொடுக்க முடிந்தவர் தன் முகத்துக்கு உரிமையாளர், முடியாதவர் இன்னொருவரின் படத்துக்கு 'சப்ஜெக்ட்' என்று இதைப் படித்தால் சட்ட வல்லுநர்கள் சண்டைக்கு வரக்கூடும். நடைமுறையில் அப்படித்தான் இருக்கிறது.

பொது இடத்தில் படம் எடுக்கவே கூடாது என்று பொதுவான தடைச் சட்டம் எதுவும் இல்லை. 'ஆட்டோ சங்கர்' வழக்கு என்று அறியப்படும் 1994-ம் ஆண்டுத் தீர்ப்பில் தனியுரிமை பற்றி உச்ச நீதிமன்றம் பேசியது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது. இருந்தாலும் தெருவில் எடுத்த ஒரு படத்துக்காக, படத்தில் இருக்கும் பூக்கார அக்காவோ மீன் விற்கும் அம்மாவோ கோர்ட் படியேறுவது நடக்கிற காரியம் இல்லை. சட்டம் தெளிவாகக் கறாராக இருப்பது குழந்தைகள் விஷயத்தில். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வரும் குழந்தை ஆகியோரின் முகத்தை வெளியிட்டால் தண்டனை உண்டு.

போர்ட்ரெய்ட் ஊர் மதுரை

மதுரையைப் போல முகங்களைச் சுவரில் ஒட்டும் ஊர் குறைவு. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என எதுவானாலும் ஃபிளக்ஸ், போஸ்டர். மாமன்மார் முகம் ஒரு வரிசை, நண்பர்கள் முகம் இன்னொரு வரிசை. வெளியூர்க்காரர்களுக்கு இது கிண்டல். ஆனால் அந்த ஃபிளக்ஸில் இருக்கும் ஒவ்வொரு படமும் அந்த ஆள் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. கூலிங் கிளாஸ், வெள்ளைச் சட்டை, போனைக் காதில் வைத்த போஸ். 'ஊருக்கு நான் இப்படித்தான் தெரியணும்' என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கு முந்தைய தலைமுறை ஸ்டூடியோ. பின்னால் வரைந்த திரை, பக்கத்தில் பூந்தொட்டி, கையில் கடிகாரம் தெரிகிற மாதிரி ஒரு நிற்பு. நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சப் செய்து முகத் தழும்பை மறைப்பார்கள். தாத்தாவுக்குத் தனிப் படமே இல்லையா? ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, கோட்டு மாட்டிவிட்டு, பாட்டி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். இருவரும் ஒன்றாகப் படத்துக்கு உட்கார்ந்ததே இல்லை என்பது பேரன்களுக்குத் தெரியாது. இது பொய்யா? பத்திரிகை விதிப்படி பொய். அந்த வீட்டுக்கு அதுதான் படம்.

இந்த ஆசையும் ஒன்றும் அப்பாவித்தனமானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கொஞ்சம் கலரா எடுங்க' என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? ஸ்டூடியோக்காரரின் பென்சில் அன்று செய்ததை இன்று போனின் பியூட்டி மோடு கேட்காமலே செய்கிறது. மாநிறத்தை மறைப்பதும் 'நான் எப்படித் தெரிய வேண்டும்' என்பதில் அடக்கம்தான்.

சரி, சொந்தச் செலவில் ஃபிளக்ஸ் வைக்க முடியாதவர்களின் முகம் எங்கே இருக்கிறது?

மலக்குழிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா

பாதாள சாக்கடையில் இறங்கி விஷவாயு தாக்கி ஒருவர் இறந்தார் என்ற செய்தியைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். என்ன படம் வருகிறது? திறந்த மூடி, தீயணைப்பு வண்டி, கயிறு, துணி மூடிய உடல். முகம் வந்தால் அது ஆதார் கார்டு சைஸில் ஒரு மூலையில் இருக்கும். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்குத் தடை விதித்து, மறுவாழ்வு தரும் சட்டம் 2013-ல் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்தவர்கள் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் இந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. 1993 முதலான சாக்கடை மரணக் கணக்கை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைக்கும்போதெல்லாம் பட்டியலின் உச்சியில் வருகிற மாநிலம் தமிழ்நாடு.

இந்த வேலையைப் படமெடுத்தவர்களில் முக்கியமானவர் மதுரைக்காரர். எம். பழனி குமார். அவருடைய அம்மா மதுரையில் மீன் விற்று வீட்டைத் தாங்கியவர். அந்த வாழ்க்கையை அவரே படங்களோடு எழுதியிருக்கிறார். திவ்யபாரதி இயக்கத்தில் 2017-ல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவர்தான். பல ஊர்களில் அந்தப் படத்தைத் திரையிடப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் யூடியூபில்தான் ஊர் உலகம் பார்த்தது.

'கக்கூஸ்' பார்க்கச் சுலபமான படம் இல்லை. வெறுங்கையால் அள்ளுவதைக் கேமரா தள்ளி நின்று காட்டுவதில்லை. ஆனால் அதைவிட மனதில் நிற்பது, தொழிலாளர்கள் கேமராவைப் பார்த்துப் பேசும் இடங்கள். வேலையைக் காட்டும் காட்சி டாக்குமென்டரி என்றால், அவர்கள் நிமிர்ந்து பேசும் காட்சி போர்ட்ரெய்ட். ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான். வேலையை மட்டும் காட்டியிருந்தால் பார்க்கிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பரிதாபப்படுவார், அவ்வளவுதான். முகத்தை மட்டும் காட்டியிருந்தால், 'இப்பல்லாம் யார் சார் இந்த வேலை செய்யறாங்க?' என்று அதிகாரிகள் கேட்டிருப்பார்கள்.

பழனி குமார் பிறகு தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகளை எடுத்த படங்களை 'நானும் ஒரு குழந்தை' என்ற பெயரில் கண்காட்சியாக வைத்தார். 2019-ல் 'பாரி' இணைய இதழின் ஃபெலோ ஆனார். ஊரக இந்தியாவின் வாழ்க்கையைப் பதிவு செய்ய பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய தளம் அது. ராமநாதபுரம் மாவட்டம் பாரதி நகரில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், கொரோனாவில் மேடையிழந்த மதுரைத் திருநங்கைக் கலைஞர்கள், மதுரையைச் சுற்றிய சமவெளியில் மல்லிகை பறிக்கிற கைகள் என்று அவர் அங்கே எடுத்த படங்களின் பட்டியல் நீளம். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது தொடங்கப்பட்டபோது முதல் விருது அவருக்குத்தான்.

வெளியில் இருந்து வந்து அதே மார்க்கெட்டை எடுப்பவருக்கு மீன் வாசம் ஒரு 'சூழல்'. மீன் விற்கிறவரின் மகனுக்கு அது வீடு. படத்தில் அது தெரியுமா என்றால், எப்போதும் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் எதை எடுக்காமல் விட்டார் என்பதில் தெரியும். குனிந்த முதுகையும் சோர்ந்த கண்ணையும் மட்டும் தேடாமல், சிரிப்பையும் அதட்டலையும் எடுக்க அந்த இடத்தில் ரொம்ப நேரம் இருந்திருக்க வேண்டும்.

ஆள் இல்லாத மதுரை, பெயர் இல்லாத பஞ்சம்

கேமரா மதுரைக்கு வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1858-ல் ராணுவ கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இங்கே வந்தார். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்தார். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூணும் அவருடைய படங்களில் உண்டு. ஆமாம், இன்று பண்டிகை நாளில் கால் வைக்க இடமில்லாத அதே விளக்குத்தூண். படங்கள் அற்புதம், கல்லில் ஒரு கீறல்கூடத் தப்பவில்லை. ஆனால் ஊரில் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு காரணம் தொழில்நுட்பம்: காகித நெகட்டிவில் படம் விழ நேரம் பிடிக்கும், நடக்கிறவர் பதிவாக மாட்டார். இன்னொரு காரணம், அரசு கேட்டது கட்டடங்களைத்தான்.

ஆட்களைக் கேட்டபோது வேறு மாதிரி ஆனது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. மதுரையில் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாள் கதை இன்றும் வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பஞ்சத்தை மெட்ராஸ் மாகாணத்தில் படமெடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து, நிற்க வைத்து எடுத்த படங்கள் அவை.

அந்தப் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். அமைப்பு அப்படியே ஸ்டூடியோ குரூப் போட்டோ. பெரியவர்கள் பின்னால், சின்னவர்கள் முன்னால், எல்லோரும் கேமரா பக்கம். வடிவம் போர்ட்ரெய்ட், நோக்கம் ஆவணம். ஒரு படத்தின் தலைப்பு, 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்' என்ற பொருள்படும். ஒரு பெயர்கூடக் கிடையாது. படம் எடுத்த பிறகு அவர்களுக்குச் சோறு போட்டாரா என்ற கேள்வி ஹூப்பரை விடவே இல்லை. 1886-ல் பர்மாவில் மரண தண்டனைக் கைதிகளைச் சுடும் நேரத்தில் படமெடுக்கக் காத்திருந்தார் என்ற புகார் எழுந்து, அது லண்டன் நாடாளுமன்றம் வரை போனது.

ஆனாலும், இன்று தாது வருஷப் பஞ்சம் என்றதும் நம் கண்ணுக்கு முன் வருவது அந்த ஹூப்பர் படங்கள்தான். அவை இல்லாவிட்டால் அந்தச் சாவுகள் வெறும் எண். எடுத்த விதம் தப்பு என்று சொல்லலாம். படங்களே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல மனம் வராது. இந்த முடிச்சு சுலபத்தில் அவிழாது.

அதன்பின் வந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதி 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் முகங்களுக்குக் கீழே பெயருக்குப் பதில் சாதி இருந்தது. ஒரு முகம் ஒரு கூட்டத்துக்கு மாதிரி. இன்ஸ்டாகிராமில் 'மதுரைப் பாட்டி' என்று தலைப்பிட்டு, சுருக்கம் விழுந்த முகத்தைக் கறுப்பு வெள்ளையில் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாராவது ஆராயலாம். பாட்டிக்குப் பெயர் இருக்கும்தானே?

பெயர் கேட்காத படம்

உலகின் மிகப் பிரபலமான டாக்குமென்டரி படங்களில் ஒன்றிலும் இதே குறை உண்டு. 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள், கன்னத்தில் கை, எங்கோ பார்க்கும் கண். 'மைக்ரன்ட் மதர்' என்ற பெயரில் பள்ளிப் புத்தகங்கள் வரை போன படம். எடுத்தபோது லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. பின்னாளில் அவரே அதை எழுதினார்.

படம் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தது. 42 வருஷம் கழித்து, 1978-ல் ஒரு நிருபர் அவரைக் கண்டுபிடித்தார்: ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அந்தப் படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை, எடுத்திருக்கவே வேண்டாம் என்பதுதான் அவருடைய மனநிலை. பிள்ளைகளுக்கும் தங்கள் அம்மா நாட்டுக்கே வறுமையின் முகமாகிப் போனதில் கூச்சம். வறுமையைத் தாண்டி அவர்கள் எப்போதோ வந்துவிட்டிருந்தார்கள். படம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1983-ல் அவர் நோயில் விழுந்து குடும்பம் உதவி கேட்டபோது நாடு முழுவதிலிருந்தும் பணமும் கடிதங்களும் குவிந்தன. அந்த ஒரு படம் தங்களுக்கு என்னவாக இருந்தது என்று பலர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் அம்மாவின் படத்தை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

லாங்கே அரசுச் சம்பளத்தில் வேலை பார்த்தவர். படம் அமெரிக்க அரசின் படம், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். முகத்துக்காரருக்கு மட்டும் அதில் பங்கில்லை. மாட்டுத்தாவணி அக்காவின் நிலைமையும் அதுதான்.

எல்லா நேரமும் கேட்க முடியுமா?

முடியாது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுவில் இறந்த ஒரு குழந்தையைப் புதைக்கும் காட்சியை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்திலும் எடுத்தார்கள். மண்ணுக்கு நடுவே முகம் மட்டும். யாரிடம் சம்மதம் கேட்பது? அந்தக் குழந்தை யார் என்பதே இன்றுவரை நிச்சயமாகவில்லை. வண்ணப்படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதை வாங்கியது. போபாலை உலகம் மறக்காமல் இருப்பதற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

மலக்குழி மரணத்திலும் இதே சிக்கல். ஒருவர் எந்த வேலை செய்யும்போது இறந்தார் என்பதே தகராறாகும் இடத்தில் படம் சாட்சி. ஒப்பந்தக்காரர், 'அவர் தவறி விழுந்தார்' என்று சொல்லும்போது, கயிறும் வாளியும் இருக்கும் ஒரு படத்துக்கு 30 லட்சம் ரூபாய் மதிப்பு இருக்கலாம். அங்கே 'அழகா எடுங்க' என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதே படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, இறந்தவரின் பத்து வயது மகள் போனுக்கே வந்து சேர்ந்தால்? சாட்சியாக எடுத்த படத்தை எங்கே காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்பது எடுப்பதைவிடப் பெரிய வேலை. வகுப்பில் ஷட்டர் ஸ்பீடுக்கு ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். இதற்கும் ஒரு வாரம் ஒதுக்கினால் தேவலை.

கேமரா கை மாறும்போது

இந்தச் சிக்கலுக்குப் பழனி குமார் எடுத்திருக்கும் வழி, கேமராவையே கொடுத்துவிடுவது. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் வளரும் இளைஞர்கள், நாகப்பட்டினத்து மீனவப் பெண்கள் ஆகியோருக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுத்து வருகிறார். அவர்கள் எடுத்த படங்கள் 'பாரி' தளத்திலும் கண்காட்சிகளிலும் வந்திருக்கின்றன, அவர்கள் பெயரிலேயே.

இது உலகுக்குப் புதிது இல்லை. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்ததைப் பற்றிய 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' ஆவணப்படம் 2005-ல் ஆஸ்கர் வாங்கியது. வெளியிலிருந்து வந்தவர் குழந்தைகளை 'மீட்பதாக' அது காட்டிக்கொண்டது என்றும், அந்தத் தாய்களின் சம்மதம் என்ன ஆனது என்றும் விமர்சனங்கள் வந்தன. கேமராவைக் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. எந்தப் படம் வெளியே போகிறது என்று தேர்ந்தெடுப்பவர் யார், காசு யாருக்கு, அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையின் கையில் கேமரா இருக்குமா, எல்லாம் கேட்க வேண்டியவை. ஒரு டிஎஸ்எல்ஆரின் விலை அந்த வீட்டின் பல மாத வருமானம்.

ஆனால் ஒரு மாற்றம் உடனே தெரியும். மகள் எடுக்கும்போது அம்மா முந்தானையைச் சரிசெய்ய மாட்டார். சரிசெய்தாலும், 'ஏண்டி, இப்படியா எடுப்ப?' என்று திட்டும் முகம் படத்தில் இருக்கும். டாக்குமென்டரியா போர்ட்ரெய்ட்டா என்று கேட்டால் இரண்டும்தான். திட்டு வாங்கின மகளுக்கு எந்தப் படத்தை வெளியே காட்டக் கூடாது என்பதும் நன்றாகவே தெரியும்.

திங்கள்கிழமைக்கு முன்

விஸ்காம் மாணவர் எல்லோரும் மீன் மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்திருக்க முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போதும், அலங்காநல்லூர், பாலமேட்டில் வாடிவாசல் திறக்கும்போதும் கேமராக்கள் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். லட்சம் பேர் கூடும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கூட்டத்தில் நிற்பவருக்கும் அது தெரியும். பூ மார்க்கெட்டில் தனியாகக் குனிந்திருக்கும் ஒருவர் விஷயம் வேறு.

அங்கே கேட்காமல் எடுத்த முதல் கிளிக் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. சொல்லிவிட்டு எடுத்திருந்தால் அந்த வேகமும் கைகளும் கிடைத்திருக்காது. எடுத்த பிறகு கேமராவைத் திருப்பிக் காட்டலாம். பெயர் கேட்கலாம், லாங்கே கேட்காதது அதைத்தான். 'வகுப்பில் காட்டட்டுமா, இன்ஸ்டாவில் போடட்டுமா' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம், ஏனென்றால் இரண்டும் ஒன்று இல்லை. முப்பது பேர் பார்ப்பது வேறு, அக்காவின் சம்பந்தி வீட்டார் பார்ப்பது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு பிரின்ட் போட்டு எடுத்து வரலாம். செலவு இரண்டு டீ காசுதான். மார்க்கெட்டுக்குக் கேமராவோடு வந்து போனவர்களில் எத்தனை பேர் படத்தோடு திரும்பி வந்தார்கள் என்று அக்காவைக் கேட்டால் சொல்வார்.

முதல் படத்துக்கு அவர் சரி என்று சொன்னால் திங்கள்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். வேண்டாம் என்றால் இரண்டாவது மட்டும். அசைன்மென்ட்டில் பாதி மதிப்பெண் போகும்.